வீட்டில் இரும்புக் குழாய் அறுக்க மலிவாக எது: ஹாக்ஸாவா, கிரைண்டரா, 14 இஞ்ச் கட்டிங் மெஷினா?

மாடித்தோட்டம்_மதுரை | 3 ஜூன் 2024, காலை 7:10

மாடியில் தொட்டி வைக்க நாலு ஸ்டாண்டு, கூடவே ஒரு வேலைமேசை. 25×25 மி.மீ. சதுரக் குழாய், எம்.எஸ். (சாதா இரும்பு), 16 கேஜ், அதாவது சுவர் 1.6 மி.மீ. மேசைக் காலுக்கு மட்டும் 40×40, 2 மி.மீ. எப்படிப் போட்டாலும் எழுபது எண்பது வெட்டு வருது. வெல்டிங் தெரிஞ்சவர் வந்து பத்தவெச்சுக் குடுத்துடுவார், வெட்டி வைக்கிறது என் பொறுப்பு. 14 இஞ்ச் கட்டிங் மெஷின் வாங்கிடலாம்னு இருக்கேன், பட்ஜெட் 8,000. அதைவிட மலிவா வழி இருக்கா? வெட்டு 90 டிகிரி சுத்தமா வரணும்.

மரைகழண்டவன் | 3 ஜூன், காலை 7:32

8,000-க்கு 14 இஞ்ச் மெஷின் வரும். 90 டிகிரி தனியா வாங்கணும்.

அரத்தூள் | 3 ஜூன், காலை 9:45

கிண்டல் மாதிரி இருந்தாலும் விஷயம் அதுதான். மலிவு மெஷினில் மோட்டார் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருக்கும். கோணத்தைக் கெடுப்பது குழாயைக் கவ்வும் வைஸும் அதன் பின்தடுப்பும். எதை வாங்கினாலும் சரி, குழாயை ஆடாமல் பிடிக்க என்ன வழி என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு மெஷினைப் பாருங்கள்.

எவ்வளவு துல்லியம் தேவை என்று ஒரு கணக்கு. 1 டிகிரி தப்பினால் 25 மி.மீ. குழாயில் 0.4 மி.மீ. இடைவெளி, 40 மி.மீ. குழாயில் 0.7. 2 டிகிரி தப்பினால் 0.9, 1.4. சுவர் 1.6 மி.மீ. இருக்கும் குழாயில் 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி விழுந்தால் ராடு வைத்துப் பற்றவைப்பவர் ஓட்டை போடுவார், பிறகு அந்த ஓட்டையை அடைக்க மேலே மேலே வைப்பார், சட்டம் இழுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் இலக்கு 1 டிகிரிக்குள். இது கையாலும் வரும் துல்லியம்தான்.

எண்பது வெட்டும் ஒரே நாளில் முடியணுமா, இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளலாமா? பதில் அதைப் பொறுத்தது.

மாடித்தோட்டம்_மதுரை | 3 ஜூன், காலை 10:20

அவசரம் இல்லை சார். ஆனா ஹாக்ஸாவில் எண்பது வெட்டுன்னா கை கழண்டுடாதா? ஏற்கனவே ஒண்ணு அறுத்துப் பார்த்ததில் பிளேடு பல்லெல்லாம் கொட்டிப்போச்சு.

அரத்தூள் | 3 ஜூன், மதியம் 1:05

பல் கொட்டுவது பிளேடின் தரத்தால் அல்ல, அறுக்கிற விதத்தால். கடையில் சும்மா "ஹாக்ஸா பிளேடு" என்று கேட்டால் 18 பல் (ஒரு இஞ்சுக்கு 18) பிளேடு கையில் வரலாம். அதில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 1.4 மி.மீ. இடைவெளி. குழாயின் சுவர் 1.6. நேரே கீழே இறக்கி அறுத்தால் பக்கச் சுவரில் ஒரு நேரத்தில் ஒரே பல்தான் நிற்கிறது. முழுப் பளுவும் அதன் மேல் விழுகிறது, சுவர் விளிம்பில் மாட்டுகிறது, முறிகிறது.

எப்போதும் மூன்று பல்லாவது உலோகத்தில் நிற்கணும் என்பார்கள். 24 பல்லில் இடைவெளி 1.06, 32 பல்லில் 0.8. கணக்குப் போட்டால் 1.6 சுவருக்கு 32 பல்கூட மூன்று வராது, இரண்டுதான். அதனால் பிளேடை மாற்றினால் மட்டும் போதாது, அறுக்கும் முறையையும் மாற்றணும்:

மேல் முகத்தில் பிளேடின் பல் வரிசை அந்த முகத்தோடு கிட்டத்தட்ட படிந்தாற்போல் வைத்து அறுங்கள். 25 மி.மீ. முகம் முழுக்கப் பல் படும். அந்த முகம் ஊடுருவியதும் நிறுத்துங்கள், பக்கச் சுவரில் இறங்காதீர்கள். குழாயைக் கால் சுற்று திருப்பி அடுத்த முகம். இப்படி நாலு முகம். ஒவ்வொரு முகத்திலும் முந்தைய வெட்டு வழிகாட்டியாக இருப்பதால் கோடும் விலகாது.

24 பல், பை-மெட்டல் பிளேடு வாங்குங்கள். முழு ஹை ஸ்பீடு பிளேடு சற்று கூடுதல் கூர்மை, ஆனால் முறுக்கினால் சட்டென்று உடையும். பல் முன்பக்கம் பார்க்கணும், தள்ளும்போது மட்டும் அழுத்தம், நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது தள்ளல். அவசரப்பட்டு இழுத்தால் பல் சூடேறி மழுங்கும். இந்த முறையில் 25×25-க்கு ஒரு வெட்டு இரண்டு நிமிடம். எண்பது வெட்டு என்றால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதை மூன்று நாளாகப் பிரித்தால் கை கழலாது.

பத்துநம்பர்ஸ்பேனர் | 3 ஜூன், இரவு 9:15

அரத்தூள் அண்ணே சொல்றது சரி, ஆனா பெஞ்ச் வைஸ் இருக்கிறவனுக்குத்தான் சரி. குழாயைக் கால்ல மிதிச்சுக்கிட்டு அறுத்தா எந்த பிளேடும் நேரா போகாது. வைஸ் இல்லேன்னா அதுக்கே 1,500 மேல ஆகும். அந்தக் காசுக்குக் கூடக் கொஞ்சம் போட்டா 4 இஞ்ச் கிரைண்டரே வந்துடும்.

மரைகழண்டவன் | 3 ஜூன், இரவு 9:21

கிரைண்டர் வாங்கினாலும் வைஸ் வேணும் ஸ்பேனரு. ஒரு கையில் குழாய், ஒரு கையில் கிரைண்டர்னு நிக்கிறவனுக்கு விரல் எண்ணிக்கையில் ஆர்வம் இல்லேன்னு அர்த்தம்.

அரத்தூள் | 4 ஜூன், காலை 6:50

கிரைண்டரைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், பாதிப் பேர் கடைசியில் அதில்தான் போய் நிற்பார்கள்.

4 இஞ்ச் கிரைண்டர், 700 முதல் 900 வாட்ஸ், 11,000 ஆர்.பி.எம். பக்கம் ஓடும். கட்டிங் வீல் 105 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமன், 16 மி.மீ. துளை. 1 மி.மீ. வீலே வாங்குங்கள். 3 மி.மீ. வீல் மூன்று மடங்கு இரும்பைத் தூளாக்கணும், அவ்வளவு சூடும் கூடும், முனை நீலமாகும். மெல்லிய வீலின் பக்கவாட்டில் மட்டும் எதையும் தேய்க்காதீர்கள். பிசிறு எடுக்க ஃபிளாப் டிஸ்க் தனியாக.

வீலில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, நடுவில் இருக்கும் தகர வளையம். அதில் மாதம்/வருடம் பொறித்திருக்கும், அது காலாவதி தேதி. வீல் பிசினால் ஒட்டியது, தயாரித்து மூன்று வருடம்தான் கணக்கு. தெருவோரக் கூடையில் கொட்டி விற்கும் வீலில் இதை முதலில் பாருங்கள். இரண்டு, அதில் எழுதியிருக்கும் ஆர்.பி.எம். 80 மீட்டர்/விநாடி என்று போட்ட 105 மி.மீ. வீல் 14,500 வரை தாங்கும், ஆகவே 11,000-க்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கார்டை (வீலை மூடும் காப்புத் தகடு) கழற்றிவிட்டு 7 இஞ்ச் வீலை 4 இஞ்ச் கிரைண்டரில் மாட்டும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. 180 மி.மீ. வீல் 11,000-ல் சுற்றினால் விளிம்பு வேகம் சுமார் 104 மீட்டர்/விநாடி. வீல் வெடிப்பது தற்செயல் அல்ல, கணக்குப்படி நடப்பது.

வெட்டு ஆழம்: புது வீலிலேயே கைக்கு 25 மி.மீ. சொச்சம்தான் இறங்கும், தேயத் தேய இன்னும் குறையும். 40×40 குழாயை ஒரே பக்கத்திலிருந்து முடிக்க முடியாது. அதனால் நாலு பக்கமும் கோடு போடணும். கோடு போடுவதில்தான் 90 டிகிரி இருக்கிறது:

குழாயில் ஒரு முகத்தில் உள்ளே நீளவாக்கில் வெல்டிங் தையல் தெரியும். அந்த முகம் லேசாகப் புடைத்திருக்கும், அதன் மேல் மூலமட்டத்தை வைக்காதீர்கள். தையல் இல்லாத, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முகங்களைத் தேர்ந்து சாக்பீஸால் குறி வையுங்கள். நாலு கோடும் அந்த இரண்டு முகத்தில் மூலமட்டத்தின் தடித்த பாகத்தை ஒட்டிவைத்தே போடணும். சுற்றி வந்து முதல் கோடும் கடைசிக் கோடும் சேர்ந்தால் சரி. மார்க்கர் வேண்டாம், அந்தக் கோடே 1 மி.மீ. தடிமன், தீப்பொறியில் கருகியும் போகும். கீறுகோல், அல்லது மாஸ்கிங் டேப் சுற்றி அதன் விளிம்பு.

பிறகு நாலு முகத்திலும் கோட்டின் மேல் அரை மி.மீ. ஆழத்துக்கு மட்டும் ஒரு தடம் போட்டுவிட்டு, அதற்கப்புறம் ஆழமாக இறக்குங்கள். வீலின் சுழற்சி கிரைண்டரை ஒரு திசையில் ஓடவைக்கப் பார்க்கும். அதற்கு எதிர்த்திசையில்தான் நகர்த்தணும். கூடவே ஓடவிட்டால் வெட்டிலிருந்து துள்ளி வெளியே வரும்.

கொறடு | 4 ஜூன், காலை 8:02

கிக்பேக் பத்தி ஒரு வரி சேர்த்துக்குங்க. குழாயோட ரெண்டு முனையையும் கல்லு வெச்சுத் தாங்கி நடுவுல வெட்டினா, வெட்டு முடியப்போற நேரத்துல நடு தொங்கி ரெண்டு பக்கமும் சேர்ந்து வீலைக் கடிக்கும். அப்போதான் கிரைண்டர் முகத்துக்கு வரும். ஒரு பக்கம் வைஸ்ல இறுக்கி, வெட்டி விழற பக்கத்தைச் சும்மா தொங்கவிடணும். வெட்டு திறந்துக்கிட்டே போகும், கடிக்காது.

முகத்துக்கு நேரா வீலோட தளத்துல நிக்காம ஒரு சாண் தள்ளி நில்லுங்க. கண்ணாடி போட்டு அதுக்கு மேல முகக்கவசம். லுங்கி, துண்டு ரெண்டுக்கும் லீவு.

மாடித்தோட்டம்_மதுரை | 4 ஜூன், மாலை 6:40

வீட்ல டைல்ஸ் போட்டப்போ வாங்கின மார்பிள் கட்டர் சும்மா கிடக்கு. அதுல இரும்பு வீல் மாட்டிக்கலாமா? ரெண்டும் 4 இஞ்ச்தானே.

அரத்தூள் | 4 ஜூன், இரவு 8:30

வேண்டாம். மார்பிள் கட்டரின் துளை 20 மி.மீ., கிரைண்டர் வீலின் துளை 16. துளையைக் குடைந்து பெரிதாக்கினால் வீல் மையத்தில் நிற்காது, நடுவளையம் போய்விடும், அதிர்ந்து விரிசல் விடும். தவிர அதன் அடித்தட்டு தட்டையான கல்லின் மேல் நகர்வதற்காகச் செய்தது. 25 மி.மீ. அகலக் குழாயின் மேல் அது எங்கே உட்காரும்? கார்டும் கல் வீலுக்கானது.

அதேபோல் மரம் அறுக்கும் பல் வைத்த வட்டப் பிளேடை கிரைண்டரில் மாட்டுவது. இரும்புக்கு மட்டுமில்லை, மரத்துக்கும் கூடாது.

மரைகழண்டவன் | 4 ஜூன், இரவு 8:41

மூணாவது சந்தேகம் வர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன்: ஜன்னல், கப்போர்டு போடுற அலுமினியக்காரர் வெச்சிருக்கிற 10 இஞ்ச் மெஷின் சர்ரு சர்ருன்னு வெண்ணெய் மாதிரி வெட்டும், பார்த்தா ஆசையா இருக்கும். அது இரும்புக்கு இல்லை. கடன் கேட்டு வாங்கி இரும்பை வெச்சீங்கன்னா 120 பல் பிளேடு ஒரே வெட்டுல பொக்கை ஆகும், அவர் உங்ககிட்ட பேசமாட்டார்.

பத்துநம்பர்ஸ்பேனர் | 5 ஜூன், காலை 10:15

சரி, எல்லாரும் 14 இஞ்ச் மெஷினைச் சுத்திச் சுத்தி வர்றீங்க, உள்ள போகமாட்டேங்கறீங்க. எண்பது வெட்டு, அதுல பாதி ஒரே அளவுன்னா கட்டிங் மெஷின்தான் லாபம். கோடே போட வேண்டாம், ஸ்டாப்பர் (குழாய் முனை முட்டி நிக்கிற தடுப்பு) வெச்சா நாப்பதும் ஒரே அளவு. 25×25 பத்து விநாடி. மலிவு மெஷினை நேராக்க என்ன பண்ணணும்னு மட்டும் சொல்றேன்.

1. பின்தடுப்பைப் பிடிக்கிற ரெண்டு போல்ட்டும் சாதாரண ஸ்பேனர்ல இறுக்கினா நழுவும். தட்டையான தடிச்ச வாஷர் போட்டு, நல்ல நீள ஸ்பேனர்ல இறுக்குங்க.

2. அதுல பொறிச்சிருக்கிற 0, 15, 30, 45 கோட்டை நம்பவே நம்பாதீங்க. மூலமட்டத்தை வீல்மேல சாய்ச்சுப் பார்க்கிறதும் பிரயோஜனம் இல்லை, வீல் வளையும். வெட்டிப் பார்க்கணும். 600 மி.மீ. துண்டு ஒண்ணை நடுவுல வெட்டுங்க. ரெண்டு துண்டையும் தட்டையான தரையில நேரா வெச்சு, ஒண்ணை மட்டும் அதோட நீளத்துலயே அரைச்சுத்து உருட்டி, வெட்டின முகமும் வெட்டின முகமும் ஒட்டவையுங்க. தப்பு ரெண்டு மடங்கா தெரியும். அரை டிகிரி தப்புன்னா 300 மி.மீ. துண்டோட நுனி 5 மி.மீ. விலகும், கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டுல விலகினா பின்தடுப்பைத் திருப்பணும். மேலும் கீழுமா விலகினா வீல் சாய்ஞ்சு இறங்குது, குழாய்க்கு அடியில தகடு கொடுத்துச் சரிபண்ணணும்.

3. கையை அழுத்தாதீங்க. மெல்லிசு குழாய்க்கு மெஷின் கையோட வெயிட்டே போதும். அழுத்தினா வீல் வளைஞ்சு வெட்டு சாயும்.

4. சின்னத் துண்டு பிடிக்கும்போது வைஸோட முன்தாடை ஒரு பக்கமா திரும்பும். தாடையோட மறுமுனையில அதே அளவு குழாய்த் துண்டு ஒண்ணைச் சேர்த்து வெச்சு இறுக்குங்க.

5. ஸ்டாப்பரை வெட்டி விழற பக்கம் வெச்சா துண்டு வீலுக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவுல சிக்கும். ஸ்டாப்பருக்கும் குழாய்க்கும் நடுவுல 5 மி.மீ. பட்டை ஒண்ணு வெச்சு அளவு பிடிங்க, வைஸ் இறுக்கினதும் பட்டையை எடுத்துட்டு வெட்டுங்க.

அரத்தூள் | 5 ஜூன், காலை 11:40

ஸ்பேனர் சொன்ன ஐந்தாவதை இரண்டு முறை படியுங்கள், கடையில் யாரும் சொல்லித்தரமாட்டார்கள்.

முதல் குறிப்புக்கு ஒரு சேர்க்கை. வீல் தேயத் தேயக் குழாயைத் தொடும் இடம் மாறும். குழாயின் நடு, வீலின் நடுவுக்கு நேர் கீழே இருக்கணும். அதற்கு ஏற்றபடி குழாயின் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள், பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை. வீல் 355-லிருந்து 250 மி.மீ. ஆகும்போது விளிம்பு வேகமும் 70-லிருந்து 50 மீட்டர்/விநாடிக்கு இறங்கிவிடும், அதனால்தான் பழைய வீல் மந்தமாக வெட்டுகிறது. அப்போது கையை அழுத்தத் தோன்றும். வீலை மாற்றுங்கள்.

கொறடு | 5 ஜூன், மதியம் 2:20

யாரும் கரண்ட் பத்தி பேசலையே. 14 இஞ்ச் மெஷின் 2,000 முதல் 2,400 வாட்ஸ். 230 வோல்ட்டுக்கு 9 முதல் 10.5 ஆம்ப்ஸ் இழுக்கும். ஸ்விட்ச் போர்டுல இருக்கிற சின்ன 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டுல மாட்டவே கூடாது, ஏசி, கீசர் போடுற 16 ஆம்ப்ஸ் சாக்கெட் வேணும். மாடிக்கு எக்ஸ்டென்ஷன் இழுக்கணும்னா 2.5 சதுர மி.மீ. வயர், முழுசா சுருள் பிரிச்சுப் போடணும். சுருட்டி வெச்சபடியே ஓட்டினா உள்சுருள் சூடாகி உருகும்.

ஸ்டார்ட் ஆகிற நொடியில பல மடங்கு இழுக்கிறதால பி-டைப் எம்.சி.பி. (அளவுக்கு மேல கரண்ட் போனா தானா விழற ஸ்விட்ச்) போட்ட வீட்ல விழும். சி-டைப் தாங்கும். எம்.சி.பி. விழுதுன்னு அதைவிடப் பெரிய ஆம்ப்ஸ் போட்டுக்காதீங்க, வயர் அதே வயர்தான். வோல்ட்டேஜ் 190-க்குக் கீழ இருக்கிற நேரத்துல மெஷின் திணறும், அழுத்தினா ஆர்மேச்சர் போயிடும். 850 வாட்ஸ் கிரைண்டர்னா இந்தத் தலைவலி எதுவும் இல்லை, 4 ஆம்ப்ஸ்கூட வராது.

மாடித்தோட்டம்_மதுரை | 5 ஜூன், இரவு 9:50

மாடியில கூலிங் டைல்ஸ் போட்டிருக்கு, வெள்ளை. இது பிரச்சினையா?

மரைகழண்டவன் | 5 ஜூன், இரவு 9:58

ஒரு மழை பெஞ்சா போதும், மொட்டைமாடி புலித்தோல் ஆயிடும்.

அரத்தூள் | 6 ஜூன், காலை 7:00

உண்மை. தீப்பொறி என்று நாம் பார்ப்பது எரியும் இரும்புத்தூள். அது சூட்டோடு டைல் மேலும் கண்ணாடி மேலும் ஒட்டும், நனைந்தால் துரு. பெருக்கினால் போகாது. ஜன்னல் கண்ணாடியிலும் கார் கண்ணாடியிலும் பட்டால் துருவோடு விடாது, சிறு சிறு குழியாகவே உருகிப் பதிந்துவிடும். 14 இஞ்ச் மெஷினின் பொறி பின்பக்கம் இரண்டு மூன்று மீட்டர் போகும். பின்னால் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்து, கீழே நனைந்த சாக்கு விரித்து வெட்டுங்கள். துணி காயும் கொடி, தின்னர் டப்பா, தேங்காய் மட்டை, காய்ந்த கோகோபீட், இவை எதுவும் அந்தத் திசையில் கூடாது. மாடித்தோட்டக்காரர்களுக்குக் கடைசி இரண்டும் முக்கியம். முடித்த பிறகும் அரை மணி நேரம் ஒரு கண் வைத்திருங்கள், கோகோபீட் உள்ளுக்குள் புகையும்.

சத்தமும் உண்டு. 14 இஞ்ச் மெஷின் 100 டெசிபலைத் தொடும், காதடைப்பு இல்லாமல் ஓட்டக்கூடாது. பக்கத்து வீட்டாருக்குக் காதடைப்பு வாங்கிக் கொடுக்க முடியாது என்பதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

சில்வண்டு | 8 ஜூன், மாலை 4:30

இவ்வளவு பேசினீங்க, பேண்ட் சாவை யாரும் சொல்லலை. வளையமா இருக்கிற பட்டை பிளேடு சுத்திக்கிட்டே அறுக்கிற, கையில பிடிக்கிற போர்ட்டபிள் பேண்ட் சா. பொறி இல்லை, சத்தமும் கம்மி, வெட்டின முனையைக் கையால தொடலாம்.

அரத்தூள் | 8 ஜூன், இரவு 7:45

வெட்டின் தரத்தில் அதற்குத்தான் முதல் இடம், நானும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் 8,000-க்குள் நல்லது கிடைப்பது கஷ்டம். வாங்குவதற்கு முன் ஒரே ஒரு விஷயம்: அதன் பிளேடு நீளம் என்ன, அந்த நீளம் உங்கள் ஊரில் கிடைக்குமா? பெரிய மாடல்களுக்கு 1,140 மி.மீ. என்பது பரவலான அளவு. சின்ன மாடல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. மெஷின் ஆன்லைனில் வந்துவிடும், மூன்றாவது மாதம் பிளேடு தேடி அலைவீர்கள். சென்னைக்காரர்கள் லிங்கிச்செட்டித் தெருவில் இரண்டு கடை ஏறி இறங்கி, சுருளிலிருந்து வெட்டி ஒட்டிக் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டு மெஷினை வாங்கலாம்.

பல் கணக்கு, ஹாக்ஸா போலவே, சுவரைப் பொறுத்தது: 1.6 முதல் 2 மி.மீ. சுவருக்கு 18 அல்லது 14/18 கலப்புப் பல், 1.2 மி.மீ. சுவருக்கு 24. ஹாக்ஸாவில் மூன்று பல் விதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேனே, இங்கே ஏன் 18 போதும் என்று கேட்கலாம். பேண்ட் சா ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் போகிறது, கை மாதிரி தள்ளலுக்குத் தள்ளல் மாறுவதில்லை. அதனால் இரண்டு பல்லுக்குக் குறைவாக நின்றாலும் தாங்கும். ஆனால் பிளேடு முழு வேகம் எடுத்த பிறகுதான் குழாயைத் தொடணும். குழாயின் மேல் வைத்துவிட்டு ஸ்விட்ச் போட்டால் முதல் நொடியிலேயே பல் போகும். புதுப் பிளேடில் முதல் சில வெட்டு பாதி அழுத்தத்தில்.

கையில் பிடித்தபடி வெட்டினால் 90 டிகிரி வராது. மேசையில் நிறுத்தும் ஸ்டாண்டு வேண்டும், அது தனிச் செலவு.

பத்துநம்பர்ஸ்பேனர் | 9 ஜூன், காலை 9:05

அப்போ டிரை கட் மெஷின்? கார்பைடு பல் வெச்ச 14 இஞ்ச் பிளேடு. அந்த பிளேடை மட்டும் வாங்கி நம்ம சாதா கட்டிங் மெஷின்ல மாட்டிக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க.

அரத்தூள் | 9 ஜூன், காலை 9:30

கூடவே கூடாது. டிரை கட் மெஷின் 1,300, 1,450 ஆர்.பி.எம்.மில் ஓடும். நம்முடையது 3,800. கார்பைடு பிளேடின் மேலேயே உச்ச வேகம் 1,600, 1,800 என்று எழுதியிருக்கும். துளை 25.4 மி.மீ. இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதால் மாட்டத் தோன்றும், மாட்டவும் வரும், பல் ஒவ்வொன்றாகப் பறக்கவும் செய்யும். ரெகுலேட்டர் போட்டு வேகத்தைக் குறைக்கலாமே என்றால், அந்த மோட்டார் வேகத்தோடு இழுவிசையையும் இழக்கும், பிளேடு குழாயில் சிக்கி நிற்கும்.

மெஷினோடு வாங்கினால் அருமையான வெட்டு. ஆனால் விலை உங்கள் பட்ஜெட்டில் பல மடங்கு, குழாய் வைஸில் ஒரு முறை நழுவினால் பிளேடுக்கே சில ஆயிரம். எண்பது வெட்டுக்கு நியாயமில்லை.

கொறடு | 9 ஜூன், மதியம் 12:10

கிரைண்டர் ஸ்டாண்டு பத்தி யாராவது சொல்லுங்களேன். ஆயிரம் ரூபாய்ல 4 இஞ்ச் கிரைண்டரை குட்டி கட்டிங் மெஷின் ஆக்கறதா விளம்பரம் வருது.

பத்துநம்பர்ஸ்பேனர் | 9 ஜூன், மதியம் 12:48

கீல்ல ஆட்டம் இருக்கா பாருங்க. கையைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டினா வீல் நுனி 1 மி.மீ.க்கு மேல ஆடினா அது ஸ்டாண்டு இல்லை, ஊஞ்சல். கார்டைக் கழட்டினாதான் கிரைண்டர் உள்ள உட்காரும்னா வாங்கவே வேண்டாம். இதுல ரெண்டுலயும் தேறினா 25×25-க்கு ஓகே. 40×40 திருப்பித்தான் வெட்டணும், திருப்பினா படி விழும்.

அந்தக் காசுக்கு வேற வேலை சொல்றேன். 40×40×5 ஆங்கிள் அரை அடித் துண்டு ஒண்ணை லேத் பட்டறையில கொடுத்து ஒரு முனையை மட்டும் 90-க்கு ஃபேஸ் பண்ணி (தட்டையா சீவி) வாங்குங்க. அதைக் குழாய் மேல கவுத்து கோட்டோட சேர்த்து ஜி-கிளாம்ப் போட்டா, ரெண்டு முகத்துக்கு வழிகாட்டி ரெடி. வீலை அந்த முனையை உரசாம ஒட்டி ஓட்டணும். ஹாக்ஸாவுக்கும் அதுவே உதவும்.

மாடித்தோட்டம்_மதுரை | 10 ஜூன், காலை 8:00

ஒரு குழாய் 6 மீட்டர். ஸ்டாண்டு கால் 750 மி.மீ. அப்போ ஒரு குழாய்ல சரியா எட்டு கால் வரும், கழிவே இல்லை. சரிதானே?

மரைகழண்டவன் | 10 ஜூன், காலை 8:06

ஏழு கால் வரும், எட்டாவது நொண்டி.

அரத்தூள் | 10 ஜூன், காலை 8:40

வெட்டு தின்னும் இரும்பை மறந்துவிட்டீர்கள். எட்டுத் துண்டுக்கு ஏழு வெட்டு. 14 இஞ்ச் வீல் 3 மி.மீ. என்றால் 21 மி.மீ. போச்சு, கடைசிக் கால் 729. கிரைண்டர் 1 மி.மீ. வீலில் சுமார் 8 மி.மீ., ஹாக்ஸாவிலும் பேண்ட் சாவிலும் 7. குழாயின் இரு முனையும் நசுங்கியோ சாய்ந்தோ இருக்கும், அங்கே முனைக்கு 10 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். காலை 745 ஆக்கினால் ஹாக்ஸா, கிரைண்டரில் எட்டும் வந்துவிடும். 740 என்றால் கட்டிங் மெஷினிலும் வரும். செடிக்கு ஒரு சென்டிமீட்டர் தெரியப்போவதில்லை.

25×25×1.6 குழாய் மீட்டருக்கு 1.18 கிலோ, முழு நீளம் 7 கிலோ. கடையில் எடை போடும்போது 6 கிலோவுக்குக் கீழே காட்டினால் அது 16 கேஜ் இல்லை, 18 கேஜ். முனையில் காலிப்பர் வைத்துப் பாருங்கள்.

சில்வண்டு | 10 ஜூன், காலை 11:15

கடையிலேயே வெட்டி வாங்கிட்டா மெஷினே வேண்டாமே? நிறைய கடையில வெட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிட்டு வெட்டித் தருவாங்க.

பத்துநம்பர்ஸ்பேனர் | 10 ஜூன், மதியம் 1:30

வீட்டுக்கு ஏத்திட்டு வர 3 மீட்டர் ஆக்க, சரி. காலுக்கு அளவு சொல்லி வாங்காதீங்க. சாக்பீஸ் கோடு, தேய்ஞ்ச வீல், அழுத்தற கை. 2, 3 மி.மீ. முன்னபின்ன வரும், முனை சாய்ஞ்சிருக்கும். நாலு காலும் நாலு உயரம்.

பாதி வழி உண்டு. கடையில ஒவ்வொண்ணும் 5 மி.மீ. கூட வெச்சு வெட்டச் சொல்லுங்க. வீட்ல நாலு காலையும் ஒண்ணா கட்டி, ஒரு முனையை ஒரே மட்டத்துல தட்டிவெச்சு, மறுமுனையைக் கோட்டுக்கு அரத்தாலயோ ஃபிளாப் டிஸ்க்காலயோ கொண்டு வாங்க. மெஷின் செலவு மிச்சம், கைவேலை கூடுதல்.

மாடித்தோட்டம்_மதுரை | 12 ஜூன், இரவு 8:15

முடிவு பண்ணியாச்சு. 4 இஞ்ச் பெஞ்ச் வைஸ், 850 வாட்ஸ் கிரைண்டர், 1 மி.மீ. வீல் ஒரு பெட்டி, ஹாக்ஸா ஃபிரேம், 24 பல் பை-மெட்டல் பிளேடு, 6 இஞ்ச் மூலமட்டம், ஸ்பேனர் அண்ணன் சொன்ன ஆங்கிள் துண்டு, கண்ணாடி, முகக்கவசம். 8,000-க்குள்ள வருது. 14 இஞ்ச் மெஷின் இப்போ வேண்டாம்.

பத்துநம்பர்ஸ்பேனர் | 12 ஜூன், இரவு 8:40

கட்டிங் மெஷின்காரன் நானே சொல்றேன், நல்ல முடிவு. வைஸை எங்க பூட்டப்போறீங்க? தாடையில குழாய் நசுங்காம இருக்க உள்ள மரக்கட்டை சொருகுங்க, 1.6 சுவர் இறுக்கினா குழிஞ்சிடும்.

மாடித்தோட்டம்_மதுரை | 2 ஜூலை, மாலை 5:25

ஒரு ஸ்டாண்டு முடிஞ்சது. ரெண்டாவது ஸ்டாண்டுக்கு மேல்சட்டத்தை 45 டிகிரியில சேர்த்தா அழகா இருக்கும்னு தோணுது. இதே சாமான்ல வருமா?

அரத்தூள் | 2 ஜூலை, இரவு 9:10

வரும், ஆனால் தேவையா பாருங்கள். 45-ல் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு வெட்டின் தப்பும் சேர்ந்துவரும், நாலு மூலைக்கு எட்டு வெட்டு. 25 மி.மீ. குழாயில் வெட்டுப்பாதை 35 மி.மீ. ஆகிவிடும். சட்டத்தைப் பற்றவைப்பதற்கு முன் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து ஒன்றாக இருக்கிறதா பார்த்தே ஆகணும். இரண்டு நீளக் குழாயை முழுசாக விட்டு, நடுவில் குறுக்கை 90-ல் நிறுத்தி, திறந்த முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டால் பாதி வேலை. தொட்டி மறைத்துவிடும்.

45-தான் வேண்டும் என்றால் கோட்டுக்கு அரை மி.மீ. வெளியே வெட்டிவிட்டு, தட்டையான அரத்தால் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

மரைகழண்டவன் | 2 ஜூலை, இரவு 9:14

பிளாஸ்டிக் மூடி போடலேன்னா உள்ள குளவி கூடு கட்டும், அதுவும் 25×25-தான் அதுக்குப் பிடிச்ச சைஸ்.

கொறடு | 3 ஜூலை, காலை 7:20

மிச்ச வீலை மாடி ஷெட்ல வெச்சிருந்தா கீழ கொண்டு வந்துடுங்க. ஈரம் குடிச்ச வீல் பிசின் இளகிப்போகும். பெட்டியில படுக்கவெச்சு, மேல கனம் எதையும் ஏத்தாம, காய்ஞ்ச அலமாரியில. மாட்டறதுக்கு முன்ன விளிம்புல சில்லு போயிருக்கான்னு விரலால ஒரு சுத்து தடவிப் பாருங்க. மாட்டினதும் ஆள் இல்லாத பக்கமா திருப்பி ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டுட்டு அப்புறம் வெட்டுங்க.